706 கோடியில் 18,720 கட்டில்!

வேலைக்கு வந்த பெண்கள் ராத்திரி எங்கே படுக்கிறார்கள்? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2021 டிசம்பர் வரை யாரும் இதைப் பெரிதாகக் கேட்டதில்லை.

அந்த மாதம் ஃபாக்ஸ்கான் செல்போன் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகிப் போனது. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் செத்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. அவ்வளவுதான்! 17-ந்தேதி ராத்திரி பெண்கள் திரண்டு வந்து சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது விடிந்தும் எழுந்திருக்கவில்லை.

விடுதிகளின் லட்சணம் அதற்குப் பிறகுதான் சந்திக்கு வந்தது. ஒரே அறையில் 6 பேர் முதல் 30 பேர் வரை. தரையில் படுக்கை. சில இடங்களில் தண்ணீர் வராத கக்கூஸ். மூடிய தொழிற்சாலை 2022 ஜனவரி 12-ந்தேதிதான் திறந்தது.

யார் போட்ட பணம்?

2024 ஆகஸ்டு 17-ந்தேதி. வல்லம் வடகாலில் இந்தப் பெண்களுக்காக அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய குடியிருப்பை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். 10 மாடிக் கட்டடங்கள் 13. ஒவ்வொன்றிலும் 240 அறை. அறைக்கு 6 பேர். பெருக்கிப் பாருங்கள், 18,720 வரும்!

செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். கட்டில் ஒன்றுக்கு ரூ.3 லட்சத்து 77 ஆயிரம் விழுகிறது. இதில் மத்திய அரசு கொடுத்தது கட்டிலுக்கு ரூ.20 ஆயிரம், மொத்தம் 37 கோடியே 44 லட்சம். யானைப் பசிக்குச் சோளப்பொரி! மீதிக்கு வங்கிக் கடனும் சிப்காட்டின் சொந்தப் பணமும்தான்.

அப்படியானால் கம்பெனி எதற்கு என்று கேட்பீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. 18,720 பெண்களிடம் தனித்தனியாக வாடகை வசூலித்துக் கடனை அடைக்கிறேன் என்றால் எந்த பாங்க் மேனேஜரும் தலையைச் சொறிவார். பின்னால் பெரிய கம்பெனி ஒன்று நிற்கிறது என்றால் ஃபைல் தானாக நகரும்.

கொரோனா காலத்தில் வெளியூர்த் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே ஊர் திரும்பினார்களே, அதைப் பார்த்துத்தான் 2020 ஜூலையில் டெல்லி அரசு இந்த வாடகைக் குடியிருப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சொந்த நிலத்தில் தனியாரும் கட்டலாம், 25 வருஷம் வாடகைக்கு விட வேண்டும், வரிச் சலுகை உண்டு, கூடுதல் மாடியும் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். சலுகை எல்லாம் சரி. மாசம் பிறந்தால் வாடகை வருமா என்பதல்லவா கட்டுகிறவன் கவலை?

கல்யாணம் ஆனால்?

இந்த ஏற்பாட்டில் ஒரு முடிச்சு உண்டு. கட்டில் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். கல்யாணம் ஆனவளுக்கு அறையில் ஆறில் ஒரு கட்டில் எப்படிப் போதும்? புருஷன், பிள்ளையோடு இருக்க வேண்டுமானால் பக்கத்து ஊரில் அட்வான்ஸ் கொடுத்து வீடு பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனியும் பின்னால் நிற்காது.

2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் மானியத்தைக் கூட்டியிருக்கிறார்கள். புதிய தொழில்நுட்பத்தில் கட்டும் வாடகை வீட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு மத்திய அரசு 3 ஆயிரம், மாநில அரசு 2 ஆயிரம். குடும்பத்தோடு தங்கும் வீட்டுக்கும் இந்தப் பணம் உண்டு.