மின்விசையில் பிறக்கும் இசை

திரைப்படப் பாடல்களைக் கேட்டுவரும் நேயர்கள், 1980ஆம் ஆண்டுகளில் அவற்றின் ஓசையில் ஒரு புதுமை புகுந்ததை உணர்ந்திருப்பார்கள். வயலினும் கிதாரும் தபேலாவும் ஒலித்த இடத்தில், எந்த வாத்தியத்தின் நாதம் என்று எளிதில் இனங்காண இயலாத ஒலிகள் எழலாயின. அவை சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியின் ஒலிகள். அதன் வரவால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

வீணையில் தந்தி அதிர்கிறது. குழலில் காற்று அதிர்கிறது. சிந்தசைசரிலோ மின்னோட்டமே அதிர்கிறது. அவ்வதிர்வின் விரைவு மாறினால் சுருதி மாறும். அதன் கூறுகளுள் சிலவற்றை வடிகட்டினால் நாதத்தின் தன்மை மாறும். அமெரிக்கரான ராபர்ட் மூக் 1964இல் அமைத்த கருவியே இத்துறையில் பெரும் புகழ் பெற்றது.

இங்கிலாந்தில் டியூப்வே ஆர்மி என்றொரு குழு கிதார்களை முழக்கிப் பாடி வந்தது. அதன் தலைவர் கேரி நியூமன், ஒலிப்பதிவுக் கூடத்தில் தற்செயலாகக் கண்ட மூக் கருவியில் மனத்தைப் பறிகொடுத்தார். அக்கருவியை முதன்மைப்படுத்தி அவர் அமைத்த பாடல், 1979இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. ராக் இசைக் குழுக்கள் பலவும் அவ்வழியே திரும்பின. அந்த இசையைப் 'புதிய அலை' என்று அழைத்தனர்.

1983இல் 'மிடி' என்னும் பொதுமுறை தோன்றியது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளும் கணினியும் தம்முள் செய்தி பரிமாற அது வழிசெய்தது. எந்தச் சுரம், எப்பொழுது, எவ்வளவு நேரம் ஒலிக்கவேண்டும் என்ற ஒழுங்கைக் கணினியே நினைவில் வைத்துக்கொண்டு கருவியை இயக்கலாயிற்று.

தமிழ்த் திரையில் இதனைத் துணிந்து கையாண்டவர் இளையராஜா. 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தின் கணினி இசை அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது. அவருடைய குழுவில் கீபோர்ட் வாசித்தவர்களுள் ஒருவர், சென்னையில் ராக் குழுவொன்றிலும் பங்குகொண்ட ஏ. ஆர். ரகுமான். தம் இல்லத்தை ஒட்டிச் சொந்த ஒலிப்பதிவுக் கூடம் அமைத்த அவர், 1992இல் 'ரோஜா' படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருதும் பெற்றார்.

ஆயினும், பலர் கூடி வாசித்ததை ஒருவரே வாசிக்க முடிந்தபோது, வாத்தியக் கலைஞர் பலரின் பிழைப்புக் குறைந்தது என்பதை மறத்தலாகாது. இக்கேள்வி நம் ராகலைத் தோட்டங்களுக்கும் உரியது. ஒரு கீபோர்ட் இருந்தால், பெரிய வாத்தியக் குழுவை அமைக்க வசதியற்ற இளைஞரும் திருவிழாவில் கச்சேரி நடத்தலாம். இது பெரும் நன்மை. ஆனால் அதனால் தப்புக்கு வேலையில்லை என்று கருதுவது தவறு. காமன் கூத்தில் தப்பு அடிப்பவர், தோலைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்க்கிறார். ஆடுவோரின் கால்களை நோக்கித் தாளத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். முன்கூட்டிப் பதிந்த இயந்திரத் தாளத்துக்கு அந்தக் கண் இல்லை.

மின்னிசையால் புகழ்பெற்ற ரகுமானே, அடுத்த ஆண்டில் 'கிழக்குச் சீமையிலே' படத்துக்காகக் கிராமிய இசையை நாடிச் சென்றார். ஆகவே கீபோர்ட் பயிலும் நம் பிள்ளைகள், தோட்டத்து மூத்த தப்புக் கலைஞரிடம் அடிகளையும் கேட்டுப் பழகட்டும். மேடையில் அவருக்கும் ஓரிடம் வைக்கட்டும்.