பத்துப் பெட்டியா, இருபது பெட்டியா?

"அண்ணாச்சி, பத்துப் பெட்டி போடவா, இருபது போடவா?" என்று விற்பனைப் பிரதிநிதி கேட்கிறார். "பத்து போதும்" என்கிறோம். குறைத்து வாங்கிவிட்டதாக நமக்குத் திருப்தி. சரக்கு தேவையா என்பதை யோசிக்கவே இல்லையே என்று பில் வந்த பிறகுதான் உறைக்கிறது.

இந்தப் பேச்சு முறையை மனோவசிய சிகிச்சையில் நன்கு கையாண்டவர் அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் (1901-1980). பண்ணையில் வளர்ந்தவர். சிறு வயதில் அவருடைய தந்தை, "வேலை செய்கிறாயா?" என்று கேட்காமல், "முதலில் கோழிக்குத் தீனி போடுகிறாயா, பன்றிக்கா?" என்று கேட்பாராம். எதைச் சொன்னாலும் வேலை நடந்துவிடும். பிற்காலத்தில் எரிக்சன் நோயாளிகளிடம், "மனோவசிய நிலைக்கு இப்போதே போகிறீர்களா, சற்றுக் கழித்தா?" என்ற விதமாகக் கேட்டார். நேரத்தைத் தேர்ந்தெடுப்பவர் நோயாளி. போவது என்ற முடிவோ கேள்விக்குள்ளேயே அடங்கிவிட்டது.

ஆனால், நோயாளி குணம் நாடித் தாமே மருத்துவரிடம் வருகிறார். அந்தப் பேச்சு அவர் நன்மைக்கானது. நம் கடையில் தேங்குவது நம் சரக்கு, முடங்குவது நம் முதல். ஆகவே எண்ணிக்கை கேட்டதும் எண்ணிக்கை சொல்ல வேண்டாம். "இருப்பைப் பார்த்துச் சொல்கிறேன்" என்போம். போன முறை வாங்கியது எத்தனை நாளில் விற்றது, மீதம் எவ்வளவு, காலாவதித் தேதி எப்போது என்று பார்த்த பிறகே ஆர்டர் கொடுப்போம்.

நாமும் வாடிக்கையாளரிடம் "அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்றுதான் கேட்கிறோம். வேண்டியதைக் கேட்டு வந்தவரிடம் அப்படிக் கேட்பதில் தவறில்லை. வேண்டாததை அப்படித் தலையில் கட்டினால், அடுத்த மாதப் பட்டியலை அவர் வேறு கடைக்குக் கொண்டுபோவார்.