மிக்கி மேன்டிலின் ரூக்கி கார்டு எது?

பேஸ்பால் அட்டைச் சேகரிப்பில் ‘ரூக்கி கார்டு’ எனப்படுவது, மேஜர் லீக் ஆட்டக்காரர் ஒருவருக்கு, அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த வழக்கமான அட்டைத் தொகுதி ஒன்றில் முதன்முதலாக வெளியான அட்டையாகும். நியூயார்க் யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டிலைப் பொறுத்தவரை அத்தகுதி, 1951இல் போமன் நிறுவனம் வண்ண ஓவியமாக வெளியிட்ட, உருவில் சிறிய 253ஆம் எண் அட்டைக்கே உரியது. ஆயினும் விலையில் அதை விஞ்சி நிற்பது, மறு ஆண்டில் டாப்ஸ் நிறுவனம் பபிள்கத்துடன் விற்ற 311ஆம் எண் அட்டை; பருவத்தின் பிற்பகுதியில் வந்த அவ்வரிசை விற்காமல் தேங்கியதால், மிச்சக் கட்டுகளைப் படகிலேற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அதன் வடிவமைப்பாளர் சை பெர்கர் பின்னாளில் கூறினார். தேறியவற்றுள் ஒரு பிரதி 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. அதையே ரூக்கி கார்டு எனச் சிலர் வழங்குவது, விலையைக் கண்டு வந்த மயக்கமேயன்றி வரையறைக்குப் பொருந்தியதன்று.