பழைய குடும்ப நூலும் ஞானஸ்நானப் பதிவேடும்: ஓர் ஆங்கில மூதாதையரைத் தேடும் முறை



முதல்நிலைச் சான்று எது, இரண்டாம்நிலைச் சான்று எது என்று கேட்டால் நம் மாணவர்கள் டக்கென்று விளக்கம் எழுதிவிடுவார்கள். 'சரி, இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் என்ன செய்வீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் தயக்கம் வரும். அந்தத் தயக்கத்தைப் போக்க ஒரு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் இருக்கிறது. அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனுடைய ஆங்கில மூதாதையர் யார் என்ற கேள்விக்குத் தவறான விடை ஒன்று பல ஆண்டுகள் அச்சில் உலாவியது. அதைத் திருத்த உதவியவை சில உயில்களும், ஒரு சிற்றூர் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடும்.

முதலில் பதிவேட்டைப் பற்றித் தெரிந்துகொள்வோம். பிறகு வாஷிங்டன் கதைக்கு வருவோம்.

1. பதிவேடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கப் பிறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த ஒருவரைத் தேடினால், பெரும்பாலும் தேவாலயப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கிலும் (அதாவது ஒரு தேவாலயத்தின் எல்லைக்கு உட்பட்ட பகுதியில்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதிவைக்க ஆணையிட்டார்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, அங்கே இருப்பது ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி அல்ல. பெரும்பாலும் பிறந்த சில நாட்களில் ஞானஸ்நானம் நடக்கும். ஆனால் சில பிள்ளைகளுக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் நடந்திருக்கிறது. குடும்ப நூல் 'பிறந்தார்' என்று எழுதியிருக்கும் தேதி உண்மையில் ஞானஸ்நானத் தேதியாக இருக்கலாம்.

இரண்டாவது, பழைய பதிவு ரொம்பச் சுருக்கமானது. பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், தேதி. பல இடங்களில் அவ்வளவுதான். தாயின் பெயர்கூட இருக்காது. பெற்றோர் பெயர், வசிக்கும் இடம், தந்தையின் தொழில் எல்லாம் உள்ள அச்சிட்ட படிவம் 1813-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

மூன்றாவது, 'மூலப் பதிவு' என்று நாம் நினைப்பதே நகலாக இருக்கலாம். 1598-இல் பழைய பதிவுகளைத் தோல் ஏடுகளில் படியெடுக்கச் சொன்னார்கள். முதலாம் எலிசபெத் ஆட்சிக்கு வந்த 1558 முதலான பதிவுகளைக் குறிப்பாகப் படியெடுக்க வேண்டும் என்றார்கள். அதனால் பல ஊர்களில் 1558-இல்தான் ஏடு தொடங்குகிறது. அதன்பின் ஆண்டுதோறும் ஆயருக்கும் ஒரு நகல் அனுப்பப்பட்டது. ஊர்ப் பதிவேடு கிழிந்துபோன இடத்தில் ஆயரின் நகல் கைகொடுக்கும். இரண்டும் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நான்காவது, ஆண்டுக் கணக்கு. 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஆகவே 1652 டிசம்பருக்கு அடுத்த மாதமும் பதிவேட்டில் '1652 ஜனவரி' என்றே இருக்கும். நம் கணக்கில் அது 1653. குழப்பம் வராமலிருக்க ஆய்வாளர்கள் '1652/3' என்று எழுதுவார்கள். பழைய குடும்ப நூல்கள் பலவற்றில் இந்தக் கவனம் இல்லை.

2. ஒரு தவறு எப்படிப் பிறந்தது?

இப்போ வாஷிங்டன் கதைக்கு வருவோம். ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத்தாத்தா ஜான் வாஷிங்டன். இவர் 1650-களின் பிற்பாதியில் ஒரு வணிகக் கப்பலின் துணை மாலுமியாக வர்ஜீனியாவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். பின்னர் அவருடைய தம்பி லாரன்ஸும் வந்து சேர்ந்தார். ஆனால் இவர்கள் இங்கிலாந்தில் எந்த ஊர், யாருடைய பிள்ளைகள் என்பது குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

1791-இல் லண்டனில் குலச்சின்னங்களையும் வம்சாவளிகளையும் கவனிக்கும் அலுவலகத்தின் தலைவரான சர் ஐசக் ஹெர்ட், அதிபர் வாஷிங்டனுக்கே கடிதம் எழுதி விவரம் கேட்டார். மறு ஆண்டு பதில் வந்தது. லங்காஷயர், யார்க்ஷயர் அல்லது இன்னும் வடக்கே உள்ள ஏதோ ஒரு பகுதியிலிருந்து முன்னோர் வந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்பதே அதன் சாரம்.

ஹெர்ட் பழைய வம்சாவளி ஏடுகளைப் புரட்டினார். நார்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் என்னும் ஊரைச் சேர்ந்த வாஷிங்டன் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தக் குடும்பத்தில் ஜான், லாரன்ஸ் என்று இரண்டு சகோதரர்கள்! பெயர் பொருந்துகிறது, சகோதர உறவும் பொருந்துகிறது, காலமும் ஏறக்குறையப் பொருந்துகிறது. வர்ஜீனியாவுக்குப் போனவர்கள் இவர்கள்தான் என்று அவர் கருதினார். ஹெர்ட் சாதாரண ஆள் இல்லை, அந்தத் துறையின் தலைவர். ஆகவே அடுத்தடுத்து எழுதியவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பத்துப் புத்தகம் சொன்னால் பத்துச் சான்று ஆகிவிடுமா? பத்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருந்தால் அது ஒரே சான்றுதான்.

3. தவறு எப்படி உடைந்தது?

லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் லெமுவெல் செஸ்டர் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார். 'இந்த இருவரும் பிறகு என்ன ஆனார்கள்?'

சல்கிரேவ் குடும்பத்து ஜான், 1623-இல் 'சர்' பட்டம் பெற்றவர். அவர் இங்கிலாந்திலேயே வாழ்ந்து 1668-இல் இறந்தார். வர்ஜீனியாவில் குடியேறிய ஜானை யாரும் 'சர்' என்று குறிப்பிடவில்லை. சல்கிரேவ் லாரன்ஸோ ஒரு மதகுரு. எசெக்ஸ் மாவட்டத்தில் பர்லீ என்ற ஊரின் பங்குகுருவாக இருந்து, உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1643-இல் பதவியை இழந்தவர். 1866-இல் செஸ்டர் தம் முடிவை வெளியிட்டார்: பெயர் ஒன்று, ஆள் வேறு.

அதாவது, ஹெர்ட் 'பொருந்துகிறதா?' என்று மட்டும் பார்த்தார். செஸ்டர் 'பொருந்தாமல் போக வழி உண்டா?' என்று பார்த்தார். ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைத்தவுடன் நாமும் இதைத்தான் செய்ய வேண்டும். அந்தப் பிள்ளை சின்ன வயதிலேயே இறந்துவிட்டதா என்று அடக்கப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் ஒரு பிள்ளை இறந்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது வழக்கம். பிள்ளை உயிரோடு வளர்ந்திருந்தால், வேறு ஊரில் திருமணம் செய்து வாழ்ந்த தடயம் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

4. உண்மை எப்படிக் கிடைத்தது?

தவறு உடைந்தது. ஆனால் சரியான விடை? அதற்கு இன்னும் 23 ஆண்டுகள் ஆயின. 1889-இல் ஹென்றி வாட்டர்ஸ் என்ற மற்றோர் அமெரிக்க ஆய்வாளர் தம் முடிவை வெளியிட்டார். அவர் சங்கிலியை எப்படிக் கோத்தார் என்பதுதான் நமக்குப் பாடம்.

முதல் கண்ணி, 1677-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று எழுதிய சொத்து நிர்வாகப் பதிவு. வர்ஜீனியாவில் இறந்த லாரன்ஸ் வாஷிங்டன், முன்பு லூட்டன் ஊரைச் சேர்ந்தவர் என்று அது சொன்னது. தேட வேண்டிய இடம் திடீரென்று சுருங்கிவிட்டது.

இரண்டாவது கண்ணி, லூட்டனுக்கு அருகில் உள்ள டிரிங் என்ற ஊரின் பதிவேடு. லாரன்ஸ் வாஷிங்டன் என்பவரின் மகன் லாரன்ஸுக்கு 1635 ஜூனில் ஞானஸ்நானம். அடுத்து எலிசபெத், 1636. பிறகு வில்லியம், 1641.

மூன்றாவது கண்ணி, டிரிங்கில் வாழ்ந்த ஆண்ட்ரூ நோலிங் என்பவரின் உயில். அதில் ஆம்ஃபிலிஸ் வாஷிங்டன் என்ற பெண்ணும் அவருடைய பிள்ளைகளும் வருகிறார்கள். லாரன்ஸ் அவருடைய ஞானப்பிள்ளை. கூடவே ஜான், வில்லியம், எலிசபெத், மார்த்தா ஆகியோரின் பெயர்களும் உண்டு.

நான்காவது கண்ணி வர்ஜீனியாவில் இருந்தது. குடியேறிய ஜான் தம் உயிலில் தம்பி லாரன்ஸையும், மார்த்தா என்ற சகோதரியையும் குறிப்பிட்டிருந்தார்.

பார்த்தீங்களா? ஜான், லாரன்ஸ் என்ற இரண்டு பெயர்கள் எந்தக் குடும்பத்திலும் அமையலாம். ஆனால் ஜான், லாரன்ஸ், மார்த்தா என்ற கூட்டம், அதுவும் லூட்டன் வட்டாரத்தில், இரண்டு கண்டங்களின் ஆவணங்களிலும் ஒத்துப்போவது தற்செயலாக நடக்காது. ஆய்வாளர்கள் ஒரு பெயரைத் தனியாகத் தேடாமல் குடும்பத்தையே சேர்த்துத் தேடுவது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டிரிங் பிள்ளைகளின் தந்தையான லாரன்ஸ் யார்? பர்லீயில் பதவி இழந்த அதே மதகுரு! ஹெர்ட் 'குடியேறியவர்' என்று சொன்ன லாரன்ஸ், உண்மையில் குடியேறியவர்களின் தந்தை. ஆக, ஹெர்ட் பிடித்த குடும்பம் சரி, ஆள்தான் தவறு. நடுவில் ஒரு தலைமுறை விடுபட்டுப் போயிருந்தது. வாஷிங்டன் கேள்விப்பட்ட 'வடக்கு' என்ற செய்தியும் முழுப் பொய் அல்ல. சல்கிரேவ் நிலத்தை 1539-இல் வாங்கிய மூதாதையர் லங்காஷயரைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். குடும்பப் பேச்சு இடத்தைச் சரியாக நினைவில் வைத்திருந்தது, காலத்தைத்தான் மறந்துவிட்டது.

ஆகவே, பழைய குடும்ப நூலில் தவறு இருக்கிறது என்பதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கே தேடலாம் என்று அது வழிகாட்டும். முடிவை மட்டும் அதனிடமிருந்து கடன் வாங்கக் கூடாது.

5. நிரப்பக் கூடாத இடம்

ஜானின் தம்பிக்கும் மற்ற இருவருக்கும் டிரிங் பதிவு இருக்கிறது. ஜானுக்கு? அவருடைய ஞானஸ்நானப் பதிவு அங்கே கிடைக்கவில்லை. இருந்தும் அவர் அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஏனென்றால் தாய் ஆம்ஃபிலிஸ் இறந்தபின், 1656-இல் அவருடைய சொத்தை நிர்வகிக்கும் அனுமதி மூத்த மகன் ஜானுக்கு வழங்கப்பட்டது.

நல்ல ஆய்வாளர் இந்த இடத்தில் 'சுமார் 1633' என்று எழுதி நிறுத்திக்கொள்வார். அவசரக்காரர் வேறு ஊர்ப் பதிவேட்டில் ஒரு ஜான் வாஷிங்டனைப் பிடித்து இங்கே ஒட்டிவிடுவார். அதைவிட மோசமானவர் ஒரு தேதியை உண்டாக்கியே விடுவார். நியூயார்க்கில் தொழில் நடத்திய குஸ்தாவ் ஆஞ்சு (1863–1942) என்பவர், பணக்கார அமெரிக்கர்களுக்கு இப்படிப் பல பொய் வம்சாவளிகளைத் தயாரித்து விற்றார். உண்மையான ஆவணங்களுக்கு நடுவே பொய்யானவற்றையும் கலந்து வைத்ததால் அவற்றைக் கண்டுபிடிப்பது கடினமாயிற்று. அவர் எழுதியவை இன்றும் பல குடும்ப மரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கணினி அட்டவணைகளிலும் இதே எச்சரிக்கை தேவை. மார்மன் திருச்சபை தொகுத்த சர்வதேச வம்சாவளி அட்டவணையில், பதிவேட்டைப் பார்த்து எடுத்த பதிவுகளும் உண்டு, உறுப்பினர்கள் தாமே அனுப்பிய தகவல்களும் உண்டு. முன்பு திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. 'சுமார்' என்ற சொல்லுடன் வரும் ஆண்டு பெரும்பாலும் யாரோ போட்ட கணக்குதான். பதிவேட்டின் படத்தைக் கண்ணால் பார்க்கும்வரை அதை நம்பிவிடக் கூடாது.

6. சுருக்கமாக: ஆறு படிகள்

அ. குடும்ப நூல் சொல்லும் செய்தியை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதைப் பார்த்து எழுதினார் என்று பக்கத்தில் எழுதுங்கள்.
ஆ. உறுதியாகத் தெரிந்த தலைமுறையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். புகழ்பெற்ற குடும்பத்திலிருந்து முன்னோக்கி வராதீர்கள்.
இ. அட்டவணையோடு நிற்காமல் பதிவேட்டையும், இருந்தால் ஆயரின் நகலையும் பாருங்கள்.
ஈ. அதே பெயருடைய மற்றவர்களைச் சுற்றுவட்டார ஊர்களிலும் தேடுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கலாம்.
உ. அடக்கப் பதிவு, உயில், சொத்துப் பதிவு ஆகியவற்றைக் கொண்டு சோதியுங்கள்.
ஊ. சான்று இல்லாத இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள்.

தீர விசாரிப்பதே மெய் என்று நம் பழமொழி சொல்வதும் இதைத்தான்.

7. மாணவர்களுக்கான இடுபணி

1. ஒரு தம்பதியின் திருமணப் பதிவு '1652 ஏப்ரல்'. அவர்களுடைய முதல் பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவு '1652 ஜனவரி'. திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக ஒரு குடும்ப நூல் கூறுகிறது. இக்கூற்று சரியா? காரணம் தருக. (குறிப்பு: புத்தாண்டு எந்த மாதம் பிறந்தது?)

2. ஹெர்ட், செஸ்டர், வாட்டர்ஸ் மூவரும் சான்றுகளைக் கையாண்ட விதத்தை ஒப்பிட்டு எழுதுக.

3. 'பல நூல்கள் ஒரே கருத்தைக் கூறினால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.' இக்கூற்றை நீ ஏற்கிறாயா? மேற்கண்ட கட்டுரையிலிருந்து இரண்டு சான்றுகள் தந்து விளக்குக.

ஆசிரியர் கவனத்திற்கு: மூன்றாம் வினாவுக்கு 'ஏற்கவில்லை' என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி வழங்க வேண்டாம். ஹெர்ட் சொன்னதில் எது சரி, எது தவறு என்று பிரித்துக் காட்டும் விடைக்கே கூடுதல் புள்ளி கொடுங்கள். சான்றை மதிப்பிடும் திறன் அங்கேதான் தெரியும்.