சிரை நோய்களும் குருதி உறைவும்

நரம்பு என்னும் தமிழ்ச் சொல் பல பொருள் உடையது. யாழின் தந்தியும் நரம்பு. மூளையின் கட்டளையைக் கைகால்களுக்குக் கொண்டுசெல்லும் இழையும் நரம்பு. ஊசி போட வரும் செவிலியர் "நரம்பு கிடைக்கவில்லை" என்று கூறும்போது குறிப்பதோ குருதி ஓடும் குழாயை. திருக்குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் காணும் 'பிடரி நரம்பு' என்பதும் கழுத்திலுள்ள குருதி நாளமே ஆகும். இலக்கியத்தில் இதனால் இழப்பொன்றும் இல்லை. நோய் வந்துற்றபோதுதான் இடர் நேர்கிறது. கால் மரத்துப் போனவரும், காலில் குருதிக் குழாய் புடைத்தவரும் தம் நோயை ஒருசேர 'நரம்புக் கோளாறு' என்றே கூறி, ஒரே சத்து மாத்திரையை வாங்கி உண்பதை நாம் காண்கிறோம். இரண்டாமவருக்கு அம்மாத்திரையால் பயன் இல்லை.

இதயத்திலிருந்து உடலெங்கும் குருதியைக் கொண்டுசெல்பவை தமனிகள். உறுப்புகளிலிருந்து அதனை இதயத்திற்குத் திருப்பிக் கொணர்பவை சிரைகள். சிரை வழியே மீளும் குருதி இதயத்தின் வலப்புறம் புகுந்து, நுரையீரல் சென்று, இடப்புறம் வந்து சேர்கிறது. இந்நுரையீரல் வழியை முதன்முதல் தெளிவாக எழுதியவர் 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் மருத்துவராக விளங்கிய இப்னுந் நஃபீஸ் ஆவார். இப்னு சீனாவின் மருத்துவ நூலுக்கு அவர் வரைந்த உரை நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1924இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகச் சுவடியில் அதனைக் கண்டெடுத்த பின்னரே உலகம் அவர் பெருமையை உணர்ந்தது. குருதிச் சுற்றோட்டம் முழுவதையும் 1628இல் மெய்ப்பித்தவர் வில்லியம் ஹார்வி.

காலிலிருந்து மேல்நோக்கி ஏறும் குருதியை உந்துவது கெண்டைக்கால் தசையே. நடக்கும்போது தசை சிரையைப் பிழிகிறது. ஏறிய குருதி கீழிறங்காதபடி சிரையினுள் உள்ள சிறு கதவுகள் மூடிக்கொள்கின்றன. இக்கதவுகள் பழுதுற்றால் குருதி தேங்கி, தோலடிச் சிரைகள் நெளிந்து புடைக்கும். இதுவே சுருள் சிரை நோய். மக்கள் 'நரம்புச் சுருட்டு' என்பர். நாள் முழுதும் நின்றே தொழில் புரியும் உணவகச் சமையற்காரர், பேருந்து நடத்துநர், நம்மைப் போன்ற ஆசிரியர் ஆகியோரிடம் இது மிகுதி. கணுக்காலின் உட்புறத்தில் தோல் கறுத்து, ஆறாப் புண் தோன்றும்வரை பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. இறுக்கமான காலுறை, காலை உயர்த்தி வைத்தல், வேண்டின் லேசர் அல்லது அறுவை மருத்துவம் என இதற்கு வழிகள் உள. இது துன்பம் தரும் நோயே எனினும், உயிருக்கு உலை வைப்பது அரிது.

அஞ்சத்தக்கது, தசைக்குள் ஆழ்ந்து கிடக்கும் சிரையில் குருதி உறைந்து கட்டியாவது. குருதியோட்டம் தேங்குதல், நாளச் சுவர் ஊறுபடுதல், குருதி உறையும் தன்மை மிகுதல் என்னும் மூன்று காரணங்களை இதற்குக் கூறுவர். இவை 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் விர்ஷோ பெயரால் வழங்குகின்றன. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர், பெரிய அறுவைக்கு உள்ளானவர், புற்றுநோயாளர், கருவுற்றவர், கருத்தடை மாத்திரை உண்பவர் ஆகியோர்க்கு இவ்விடர் கூடுதல். காலில் உண்டான கட்டி உடைந்து பெயர்ந்தால், சிரை வழியே இதயம் கடந்து நுரையீரல் தமனியை அடைக்கும். படுக்கையிலிருந்து எழுந்து நாலடி நடந்தவர் மூச்சுத் திணறிச் சாய்வார். உற்றார் அதனை 'மாரடைப்பு' என்பர்.

கடலூர் மாவட்டத்தில் இந்நோயை அறிவதற்குத் தனியானதொரு தடையும் உண்டு. 1993இல் பிரிக்கப்பட்ட பழைய தென்னார்க்காடு, யானைக்கால் நோய்க்குப் பெயர்போன பகுதி. கொசுவால் பரவும் சிறு புழுக்கள் நிணநீர்க் குழாய்களை அழிப்பதால் வருவது அது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தார் நெடுங்காலம் ஆராய்ந்ததும் இந்நோயையே. ஆதலின், கால் வீங்கிய ஒருவரைக் கண்டால் 'யானைக்கால்' என்று முடிவுகட்டும் பழக்கம் ஊரார்க்கு எளிதில் வந்துவிட்டது. நாணத்தால் வீக்கத்தை மறைப்போரும் உளர். இரண்டிற்கும் வேறுபாடு தெளிவானது. யானைக்கால் வீக்கம் அவ்வப்போது குளிர்காய்ச்சலும் நெறிக்கட்டியும் தோன்ற, ஆண்டுக்கணக்கில் வளரும். குருதி உறைவு வீக்கமோ, பெரும்பாலும் ஒரு காலில் மட்டும், சில மணி நேரத்திலோ சில நாளிலோ தோன்றும். கெண்டைக்கால் வலிக்கும், சூடேறும். நேற்றுவரை நன்றாயிருந்த கால் இன்று வீங்கினால், எண்ணெய் தேய்த்து நீவுதல் கூடாது; கட்டி பெயர்ந்துவிடக் கூடும். அன்றே மருத்துவமனை சென்று டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தல் வேண்டும். சிதம்பரத்தில் 1985இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பெற்று, 2021இல் அரசு மருத்துவக் கல்லூரியான மருத்துவமனை இப்பகுதி மக்களுக்கு அண்மையில் உள்ளது.

இது மேனாட்டார் நோய், நம்மவர்க்கு வாராது என்னும் எண்ணம் மருத்துவரிடையேகூட நெடுநாள் நிலவிற்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 1996 முதல் 2005 வரை தம் மருத்துவமனையில் சேர்ந்தோரை ஆராய்ந்து, 10,000 பேருக்கு ஏறத்தாழ 17 பேருக்கு இந்நோய் உறுதியானதாக 2009இல் வெளியிட்டனர். வாராது என்பது, பாராததன் விளைவே.

பிள்ளை பெற்ற தாய்மார் நிலை இன்னும் கருதத்தக்கது. மகப்பேற்றுக்குப் பிந்திய ஆறு வாரங்களில் குருதி உறையும் தன்மை இயல்பாகவே மிகுந்திருக்கும். அந்நாளில் தாயை எழுந்து நடமாட விடாமல், தண்ணீரையும் அளந்து கொடுக்கும் வழக்கம் சில இல்லங்களில் இன்றும் உண்டு. நாற்பது நாள் ஓய்வு நல்லதே. ஆனால் ஓய்வு வேறு, அசையாமல் கிடத்தல் வேறு. சிலருக்கு மூளையின் சிரைகளிலேயே குருதி உறைந்துவிடும். கே. சீனிவாசன் என்னும் நரம்பியல் மருத்துவர் கருவுற்ற, மகப்பேறுற்ற பெண்களிடம் மூளையின் நாளங்கள் அடைபட்ட 135 நிகழ்வுகளை ஆராய்ந்து 1983இல் எழுதிய கட்டுரை இதனை உலகறியச் செய்தது. பேறுகாலத்தில் தணியாத தலைவலி, வாந்தி, வலிப்பு தோன்றின் 'ஜன்னி' என்று பச்சிலையும் ஓதலும் தேடிக் காலம் கடத்துதல் ஆகாது. துஆ செய்வோர் மருத்துவமனையிலிருந்தும் செய்யலாம்.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பலர். ஹஜ், உம்ரா செல்லும் முதியோரும் பலர். நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணம், அசையாது அமர்ந்திருப்போர்க்குக் குருதி உறையும் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குவதாக உலக நல்வாழ்வு நிறுவனம் 2007இல் அறிவித்தது. தனியொருவருக்கு இவ்விடர் சிறிதே. ஆயினும் முதுமை, பருமன், முன்பே உறைவு கண்ட கால் ஆகியவை உடன்சேரின் சிறிதன்று. மணிக்கொருமுறை எழுந்து நடத்தலும், இருக்கையிலேயே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதலும், நீர் அருந்துதலும் போதுமானவை. முன்பே நோயுற்றவர் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்பது நலம்.

மருத்துவத்தில் முதலில் இடப்படுவது பெரும்பாலும் ஹெப்பாரின் வகை ஊசி. இது பெரிதும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவதால் நம் பெரியவர்கள் சிலர் தயங்குவதுண்டு. உயிருக்கு இடர் நேருமிடத்து, வேறு வழி இல்லையெனின் விலக்கப்பட்டதும் ஆகும் என்னும் விதியை மார்க்க அறிஞர் அறிவர். மேலும், முற்றும் செயற்கையாக ஆக்கப்படும் பாண்டபாரினக்ஸ் என்னும் ஊசியும் உண்டு. எனவே தயக்கத்தை மனத்துள் வைத்து ஊசியை மறுப்பதினும், அதனை மருத்துவரிடம் வெளிப்படக் கூறுவது மேல்.

அடுத்துத் தரப்படும் வார்பாரின் மாத்திரையின் வரலாறு விந்தையானது. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் குருதி கசிந்து மாண்டன. அப்புல்லிலிருந்த பொருளைக் கார்ல் லிங்க் குழுவினர் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்பாரின் 1948இல் எலிக்கொல்லியாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாயிற்று. இதனை உண்போர் அளவறியக் குறித்த நாளில் குருதிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். முருங்கைக்கீரை போன்ற கீரைகளிலுள்ள கே உயிர்ச்சத்து இம்மருந்தின் வலுவைக் குறைக்கும். கீரையை அறவே விலக்க வேண்டுவதில்லை; ஒரு வாரம் நாள்தோறும், மறுவாரம் இல்லவே இல்லை என்றில்லாமல் ஒரே அளவில் உண்ணலாம். ரிவராக்சபான், அபிக்சபான் முதலிய புதிய மாத்திரைகளுக்கு இச்சோதனையும் கீரைக் கட்டுப்பாடும் தேவையில்லை. எதை உண்டாலும், வீக்கம் வடிந்தவுடன் தாமாக நிறுத்துதல் கூடாது. குறைந்தது மூன்று மாதம் உண்ண வேண்டியிருக்கும்.