வீட்டு கம்ப்யூட்டரில் தமிழ் வாசிப்புப் பயிற்சி

“பிள்ளைகள் படிப்புக்கு உதவும்” என்று சொல்லித்தான் பெரும்பாலான வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். வாங்கிய பிறகு பிள்ளைகள் அதில் பார்ப்பதோ கார்ட்டூனும் கேம்ஸும்தான். அதே கம்ப்யூட்டரையும் இன்டர்நெட் இணைப்பையும் கொண்டு குழந்தையைத் தமிழ் வாசிக்கப் பழக்கலாம். தனியாகப் பணம் எதுவும் கட்ட வேண்டாம். எப்படி என்று பார்ப்போம்.

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் அக்கா மகள் மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். வீட்டில் பேசுவதெல்லாம் நம்ம ஊர்த் தமிழ்தான். ஆனால் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கு எழுத்து தடுமாறுவாள். சென்னையில் சாப்ட்வேர் வேலை பார்க்கும் நான் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அக்கா சொன்னாள்: “தம்பி, கதை வீடியோ போட்டா நாள் பூரா பாக்கா. வாசிக்கச் சொன்னா வாயத் தெறக்க மாட்டேங்கா.”

பல வீடுகளில் இதே கதைதான். கேட்பது வேறு, வாசிப்பது வேறு. மேல் வகுப்புகளில் எல்லாப் பாடத்தையும் வாசித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். கூட்டல் தெரிந்த பிள்ளையும் கேள்வியை வாசிக்க முடியாவிட்டால் கணக்கில் மார்க்கை இழக்கும். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 2022-ல் தமிழக அரசு 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கதைகள் எங்கே கிடைக்கும்?

பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கற்ற பதிப்பகம் 2015-ல் ‘ஸ்டோரிவீவர்’ என்ற வெப்சைட்டைத் தொடங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இதில் உள்ளன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்படுவதால் இவற்றை இலவசமாகப் படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.

1. கூகுளில் ‘ஸ்டோரிவீவர்’ என்று தேடி, தளத்தைத் திறக்கவும்.
2. கதைகளைத் தேடும் பக்கத்தில் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கவும்.
3. கதைகள் 4 நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். குழந்தை எந்த வகுப்பில் இருந்தாலும் முதல் நிலையிலேயே தொடங்கவும். இதில் வாக்கியங்கள் சிறியவை, ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்.
4. பிடித்த கதையை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளவும். அதன்பின் நெட் இல்லாமலும் வாசிக்கலாம். தளம் கணக்குத் தொடங்கச் சொன்னால் பெற்றோரின் இமெயிலையே கொடுக்கவும்.

எழுத்து சிறியதாகத் தெரிந்தால் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பிளஸ் கீயைத் தட்டவும். பிரவுசரில் F11 கீயை அழுத்தினால் பக்கம் திரை முழுவதும் விரியும். கவனத்தைத் திருப்பும் மற்ற விஷயங்கள் மறைந்துவிடும்.

பக்கத்தில் உட்காருங்கள்

சில கதைகளுக்கு ஒலியும் உண்டு. ஒரு முறை கேட்கட்டும். பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் குழந்தையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் நாலைந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால் கதை கடினம் என்று பொருள். இன்னும் எளிய கதைக்கு மாறுங்கள்.

தமிழில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ‘கெ’, ‘கொ’ போன்றவை. குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். இன்னொன்று, ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப வேறு மாதிரி ஒலிப்பது. எங்கள் ஊர் வழியாகப் போகும் ‘பாபநாசம்’ பஸ்ஸின் போர்டையே பாருங்கள். முதல் ‘பா’ ஒரு மாதிரி, அடுத்த ‘ப’ வேறு மாதிரி. ஊர்ப் பெயர் தெரிந்த குழந்தை அதைத் தானாகவே சரியாகச் சொல்லிவிடும். அதனால்தான் தெரிந்த சொற்கள் உள்ள கதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

நீங்களே கதை டைப் செய்யலாம்

தெரிந்த சொற்களுக்கு வீட்டை விட நல்ல இடம் ஏது? அக்கா மகளிடம் ஒரு நாள், “ஆச்சி அப்பளம் போடுறதச் சொல்லு” என்றேன். உளுந்து, உரல், உருண்டை, வெயில், காக்கா என்று அவள் சொன்னதை அப்படியே ஐந்து வாக்கியங்களாக டைப் செய்து, பெரிய எழுத்தில் திரையில் காட்டினேன். தான் சொன்னதே எழுத்தாக இருந்ததால் தயங்காமல் வாசித்தாள். மறுநாள், “மாமா, இன்னொண்ணு அடிங்க” என்று அவளே வந்து உட்கார்ந்தாள்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் போய், நேரமும் மொழியும் உள்ள பகுதியில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 கீபோர்டு கிடைக்கும். நோட்பேடே போதும். எழுத்தின் அளவை 28 ஆக வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் 15 நிமிடம் போதும். வாசித்த கதையின் பெயரையும் தடுமாறிய சொற்களையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மறுநாள் அந்தச் சொற்களில் இருந்து தொடங்குங்கள். நேரம் முடிந்ததும் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு, அதே கதையின் பிரிண்டைக் குழந்தையின் கையில் கொடுங்கள். திரையில் பழகிய எழுத்து அப்போதுதான் புத்தகத்திலும் பழகும்.