நெல் அவிக்கும் அடுப்பும் விறகின் பருமனும்

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள ஆரையம்பதி போன்ற ஊர்களில் முற்றத்து அடுப்பில் நெல் அவித்தல் நெடுநாளைய வழக்கம். அதற்குத் தடித்த கட்டையே நின்றெரியும் என்பர். இஃது அரையுண்மையே, உள்ளீரம் உலராத கட்டை நின்று புகையும்! விறகிலுள்ள ஒவ்வொரு கிலோ நீரும் ஆவியாவதற்கே ஏறத்தாழ 540 கிலோகலோரி வெப்பம் வீணாகும்.

சூடேறிய விறகினின்று வெளிப்படும் வாயுவே சுவாலையாய் எரிகின்றது. 4 அங்குலச் சதுரக் கட்டையை நீளவாக்கில் நான்காகப் பிளப்பின் பக்கப்பரப்பு இருமடங்காகும். வாயுவும் விரைந்து வெளிப்படும். மெல்லிய சிராய்களையே அடுப்பு நிறையத் திணித்தாலோ, காற்றுப் போதாமையால் அவ்வாயு எரியாது புகையாய்க் கழியும். அவிப்பவர் கண்ணும் மார்பும் வருந்தும். ஆதலின் நீர் கொதிக்கும்வரை விரற்பருமனும், பின்னர் நன்குலர்ந்த மணிக்கட்டுப் பருமனும் தகும். உமி வாய்பிளக்கத் தொடங்கியதும் விறகை வெளியே இழுத்துவிடலாம். எஞ்சியதைத் தணல் முடிக்கும்.